குடுவைக்குள் வெனிவெல்

இரத்தினபுரியில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும், கொத்தமல்லி மூட்டைக்குப் பக்கத்தில் விறகுச் சிராய் போலக் கட்டிவைத்த மஞ்சள் துண்டுகளைப் பார்க்கலாம். அதுதான் வெனிவெல். தடிமன், காய்ச்சல் என்றால் கொத்தமல்லியோடு இரண்டு துண்டு போட்டு அவித்துக் குடிப்பது தோட்டத்து லயத்திலும் பட்டணத்து வீட்டிலும் ஒரே வழக்கம். காலில் துருப்பிடித்த ஆணி ஏறினால்கூட ஏற்பு வராதிருக்க இதை அவித்துக் கொடுப்பார்கள். (ஊசி போடாமல் இதை மட்டும் நம்பியிருப்பது வேறொரு எச்சரிக்கைக்கு உரிய விஷயம்.) 2020இல் கொரோனா வந்தபோது நாடு முழுவதும் இந்தக் கசாயம் கொதித்தது. தமிழ் மருத்துவத்தில் இதன் பெயர் மரமஞ்சள். தாவரவியலார் கொஸ்கினியம் பெனெஸ்ட்ராட்டம் என்பார்கள்.

எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேட்டால் ‘கெலேன் தமா’ என்று சிங்களத்தில் பதில் வரும். காட்டிலிருந்துதான், வேறெங்கிருந்து என்று அர்த்தம். ஒளிவுமறைவு இல்லாத பதில் அது. வெனிவெல்லைத் தேயிலை போல, கறுவா போல நட்டு வெட்டுகிற தொழில் இங்கே வேரூன்றவில்லை. தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலக் காடுகளில், சிங்கராஜ வனத்தைச் சுற்றியுள்ளவை போன்றவற்றில், பெரிய மரங்களைப் பற்றி உச்சிவரை ஏறும் தடித்த கொடி இது. மருந்துக்கு வேண்டியது அதன் தண்டும் வேரும். கொடியின் அடியை வெட்டினால் மேலே உள்ளதெல்லாம் காய்ந்துபோகும். குற்றியிலிருந்து தளிர்க்க வாய்ப்புண்டு, ஆனால் வேரையும் சேர்த்துத் தோண்டிவிட்டால் அந்தக் கொடியின் கதை அத்தோடு முடிந்தது. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி வெட்டுவது 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கடையில் கட்டுக்கும் குறைவில்லை.

இந்த இடத்தில்தான் ஆய்வுகூடத்துக் குடுவை நம்பிக்கையோடு முன்னே வருகிறது. நம் பாடப்புத்தகம் இழைய வளர்ப்பு என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் திசு வளர்ப்பு என்கிறார்கள். கொடியின் ஒரு கணுவை நறுக்கி, கிருமிநாசினியில் கழுவி, உப்புகளும் சீனியும் ஓமோனும் கலந்த ஏகார் கூழில் ஊன்றுவார்கள். கூழையும் குடுவையையும் முன்கூட்டியே 121 பாகை வெப்ப நீராவியில் அவித்திருப்பார்கள். கூழின் கணக்கை முராசிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962இல் புகையிலை இழையத்துக்காக எழுதினார்கள். இன்றும் உலகத்தின் பல ஆய்வுகூடங்களில் அதையே சிறிது மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஓமோன் அளவைச் சரியாகப் பிடித்தால் ஒரு கணுவிலிருந்து கொத்தாகக் குருத்து வரும். பிரித்து மறுபடியும் ஊன்றினால் அவை மறுபடியும் கொத்தாகும்.

மாதத்துக்கு ஒரு குருத்து நான்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் 4,096. ஒரு வருடத்தில் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கைத்தான் திட்ட அறிக்கைகளின் முதல் பக்கத்தில் போடுவார்கள். நடைமுறையில் அந்த எண்ணிக்கைக்கு யாரும் கிட்டப் போவதில்லை. இரத்தினபுரி மாதிரி வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பகுதியில், காட்டுக் கொடியின் உள்ளிழையத்திலேயே பூஞ்சணம் குடியிருக்கும். வெளியே எவ்வளவு கழுவினாலும் மூன்றாம் நாள் குடுவைக்குள் வெள்ளைப் பஞ்சு பூத்துவிடும். தப்பிப் பிழைத்த கன்றை வெளியே எடுத்தால் அடுத்த இழப்பு. குடுவைக்குள் காற்றெல்லாம் ஈரம் என்பதால் அதன் இலையில் மெழுகுப் பூச்சு சரியாக உருவாவதில்லை, இலைத்துளைகளும் மூடப் பழகுவதில்லை. வெயிலில் ஒரு பகல் வைத்தால் கருகிவிடும். பழக்கப்படுத்தும் கூடாரத்தில் வாரக்கணக்கில் வைத்து மெல்ல மெல்ல வெளிக்காற்றைக் காட்ட வேண்டும். இதெல்லாம் தெரிந்த சிரமங்கள், பணமும் பொறுமையும் இருந்தால் தாண்டலாம். நான் சொல்ல வந்தது, இவை எல்லாவற்றையும் தாண்டி வெற்றி கிடைத்த பிறகு வரும் ஆபத்தைப் பற்றி.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இராது. ஒன்று முந்தித் துளிர்க்கும், ஒன்று பிந்தும். இலையின் நிறமே வேறு வேறு. தண்டுத் துண்டு வெட்டி வளர்த்த வீ.பி. தேயிலை மலைக்குப் போனால் வரிசை முழுக்க ஒரே முகம். டி.ஆர்.ஐ. 2025 என்ற இரகத்தை நட்ட ஏக்கர்கள் எத்தனையோ, அத்தனையும் ஒரே தாய்ச் செடியின் துண்டுகள். கொழுந்துக் கணக்குக்கு அது நல்லது. ஆனால் நீண்ட வெயில் அடித்தால் ஆணிவேர் ஆழம்போன பழைய விதைத் தேயிலை தாக்குப்பிடிப்பதும், வீ.பி. மலை முதலில் சோர்வதும் கங்காணிமாருக்குத் தெரிந்ததே. இழைய வளர்ப்பு என்பது வீ.பி.யின் வேகமான தம்பி. ஒரு கணுவிலிருந்து வந்த ஒரு கோடிக் கன்றும் பரம்பரையில் ஒரே செடிதான். வியாபாரப் பயிருக்கு அந்த ஒற்றுமையை விலைகொடுத்து வாங்கலாம். அழியும் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர் அதே ஒற்றுமையைக் காட்டுக்குள் கொண்டுபோய் நட்டால், காப்பாற்ற வேண்டியதைத் தன் கையாலேயே மெலிய வைக்கிறார்.

வெனிவெல்லில் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழம். இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பப்பாசி மாதிரி. பூத்தால்தான் எது எதுவென்று தெரியும். காட்டுக் கொடி பூக்கப் பல வருடம் எடுக்கும், பூப்பதும் மரத்தின் உச்சியில். ஆய்வுகூடத்துக்குக் கணு வெட்டப் போகிறவர் கைக்கெட்டும் உயரத்தில் உள்ள இளந்தண்டைத்தான் வெட்டுவார். அந்தக் கொடி ஆணா பெண்ணா என்று அவருக்கும் தெரியாது, குடுவைக்கும் தெரியாது. அது ஆணாக இருந்தால் அதிலிருந்து வரும் அத்தனை இலட்சம் கன்றும் ஆண். பெண்ணாக இருந்தால் அத்தனையும் பெண். எதிர்ப்பால் கொடி அருகில் இல்லாவிட்டால் அந்தத் தோப்பு எத்தனை பசுமையாக நின்றாலும் ஒரு விதை விழப்போவதில்லை. வெட்டி முடிந்ததும் தோப்பு முடிந்துவிடும். இப்படி ஒரு நடுகையின் திறப்பு விழாவில் அதிகாரி ஒருவர் மண்வெட்டியோடு நிற்கும் படம் பத்திரிகையில் அழகாகவே இருக்கும். பத்து, பதினைந்து வருடம் கழித்து அதைத் தேடிப்போய்ப் படமெடுப்பவர் யாரும் இல்லை.

வெற்றி தாமதமாகத் தோல்வியாக மாறியதற்கு நம் கண்ணெதிரே பெரிய உதாரணம் இருக்கிறது. சபரகமுவையில் எல்லோருக்கும் தெரிந்த பயிர்தான்: முள்ளுத் தேங்காய், அதாவது எண்ணெய்ப் பனை. 2021இல் அரசாங்கம் அதை நடத் தடை போட்டதை எல்லோரும் அறிவார்கள். அந்தச் சண்டை நீரையும் மண்ணையும் பற்றியது, இங்கே நான் சொல்வது மலேசியாவில் நடந்த வேறு கதை. 1970களில் அதிக எண்ணெய் தரும் பனைகளை இழைய வளர்ப்பில் பெருக்கி நட ஆரம்பித்தார்கள். குடுவையில் கன்றுகள் குறையின்றி வளர்ந்தன. நிலத்தில் மரங்களும் குறையின்றி நின்றன. காய்க்கும் வயது வந்த பிறகுதான், 1980களின் நடுவில், விவகாரம் வெளியே வந்தது. பல மரங்களில் பழம் கோணலாகி, மேல்தோலில் சதை மடிப்புகள் முளைத்து, எண்ணெயில்லாமல் வீணாகியது. தாய் மரத்தில் எந்தக் குறையும் இல்லை. குடுவைக்குள் இருந்தபோதே இழையத்தின் உள்ளே ஏதோ திரும்பியிருக்கிறது, ஆனால் பழம் காய்க்கும்வரை காத்திருந்தது. காரணம் பிடிபட்டது 2015இல். ‘கர்மா’ என்று பெயரிடப்பட்ட ஒரு டீ.என்.ஏ. துண்டின் மேலிருக்க வேண்டிய இரசாயன முத்திரை குடுவை வளர்ப்பின்போது கழன்றுபோனதுதான் மூலம் என்று மலேசிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். பெயர் வைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தார்களோ என்னவோ, பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது.

குடுவையில் வளர்ந்தவற்றுக்குள் இப்படி நேரும் மாறுதலுக்கு 1981இலேயே லார்கின், ஸ்கௌகிராப்ட் என்ற இருவர் பெயர் சூட்டிவிட்டார்கள். எண்ணெய்ப் பனையில் கோணலைக் கண்ணால் பார்க்கலாம். மருந்துக் கொடியில் மாறியது உள்ளிருக்கும் சத்து என்றால் கண்ணுக்குத் தெரியாது. வெனிவெல்லின் மஞ்சளுக்கும் கசப்புக்கும் காரணமான பெர்பெரின் குறைந்த கொடியும் பச்சைப்பசேலென்றே வளரும். தடித்த கட்டையாகி, வெட்டி, அவித்துப் பார்க்கும் நாளில்தான் கசப்புக் குறைவது தெரியும். அதற்குள் எத்தனை வருடம் போயிருக்கும்!

இந்த இடத்தில் சிலர், கொடியே வேண்டாம், இழையத்தை மட்டும் தொட்டியில் வளர்த்துப் பெர்பெரினை எடுத்துக்கொண்டால் காடு தப்பிக்கும் என்பார்கள். நல்ல யோசனை, பழைய யோசனையும்கூட. மரமஞ்சளின் இழையத்தைக் குடுவையில் வளர்த்து அதிலிருந்து பெர்பெரின் கிடைப்பதை இந்திய ஆய்வாளர்கள் 1992இலேயே காட்டிவிட்டார்கள். முப்பது வருடம் தாண்டிவிட்டது. கடையில் கட்டு இன்னும் காட்டிலிருந்தே வருகிறது.

ஏன் என்று புரிந்துகொள்ள, இந்த வழி உண்மையிலேயே வென்ற ஓர் இடத்தைப் பார்க்கலாம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் பக்லிடாக்செல் முதலில் அமெரிக்காவின் யூ மரப் பட்டையிலிருந்து வந்தது. மருந்துக்கு அனுமதி கிடைத்த 1992ஐ ஒட்டிய வருடங்களில், மரங்களை உரித்தே தீர்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் மருந்துக் கம்பனி தாவர உயிரணுக்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து மருந்தை எடுக்கும் முறைக்கு மாறியது, 2004இல் அதற்காக அமெரிக்க அரசின் பசுமை இரசாயன விருதும் வாங்கியது. அங்கே வாங்குபவருக்கு வேண்டியது ஒரு மூலக்கூறு. அது பட்டையிலிருந்து வந்தாலும் தொட்டியிலிருந்து வந்தாலும் குப்பியில் ஒன்றுதான். நம் வெனிவெல்லை வாங்குகிறவர் மூலக்கூறை வாங்கவில்லை. கட்டையை வாங்குகிறார். கொத்தமல்லியோடு சேர்த்து அவிக்க அவருக்குத் துண்டு வேண்டும், தூள் கொடுத்தால் சந்தேகப்படுவார். தொட்டி வழி இந்தச் சமையலறைக்குள் வரப்போவதில்லை.

வளர்த்தது போதுமான அளவு வந்துவிட்டால் காட்டை விட்டுவிடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்க ஜின்செங் கிழங்கைப் பண்ணைகளில் பெருமளவில் பயிரிடுகிறார்கள். ஆனால் காட்டில் விளைந்ததுதான் உசத்தி என்று நினைப்பவர்கள் பண்ணைக் கிழங்கைவிடப் பலமடங்கு விலை கொடுக்கத் தயாராக இருப்பதால் காட்டில் திருட்டு இன்னும் நடக்கிறது. நம் ஊரில் காட்டுத் தேனுக்கும் பெட்டித் தேனுக்கும் உள்ள மதிப்பு வேறுபாட்டை நினைத்துப் பார்த்தால் போதும்.

வல்லப்பட்டை விஷயம் இதைவிடக் கசப்பானது. ஜைரினொப்ஸ் வல்லா என்ற இந்த மரத்தின் பட்டையை நார் திரிக்க எடுத்ததைத் தவிர ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. 2012இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காயம்பட்ட வல்லப்பட்டைக்குள் அகில் வகைப் பிசின் உருவாகிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்தக் காலத்தை ஒட்டியே காடுகளில் கோடரிச் சத்தம் தொடங்கிவிட்டது. பிசின் எல்லா மரத்திலும் இராது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே இல்லாத மரத்தையும் வெட்டினார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்கம் வல்லப்பட்டை பிடித்த செய்தி அதன்பின் வழக்கமான செய்தியாகிவிட்டது. இப்போது அகில் கன்று நட்டால் இத்தனை வருடத்தில் இத்தனை இலட்சம் என்று ஆசைகாட்டும் முதலீட்டுத் திட்டங்கள் உண்டு. நடுகை பெருகுவதில் தவறில்லை. ஆனால் தோட்டத்து மரமும் காட்டு மரமும் சிராயாக்கப்பட்ட பின் பார்வைக்கு ஒன்றே. தோட்டத்துக்கு என்று ஒரு பத்திரம் இருந்தால், அந்தப் பத்திரத்தின் நிழலில் காட்டுச் சிராயும் பயணம் செய்ய இடமுண்டு. வெனிவெல்லுக்கு நாளை ஆய்வுகூடக் கன்று நடுகை என்ற பெயர் கிடைத்தால் இதே நிழல் அதற்கும் விழும்.

எல்லை தாண்டும் விஷயத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. ஜைரினொப்ஸ் பேரினம் முழுவதும் 2005 முதல், அழியும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மரத்துண்டு கொண்டுபோக அனுமதிப் பத்திரம் தேவை. ஆனால் அதே பட்டியலின் குறிப்பு, கிருமிநீக்கிய கலனுக்குள் கூழிலோ திரவத்திலோ இருக்கும் இழைய வளர்ப்பையும் நாற்றையும் விலக்கிவைக்கிறது. பட்டியலிலுள்ள பெரும்பாலான ஓர்க்கிட்டுகளுக்கும் இப்படித்தான். செயற்கைப் பெருக்கத்தை ஊக்குவிக்கத்தான் இந்தச் சலுகை, உள்நோக்கம் ஏதும் இல்லை. விளைவு என்னவென்றால், ஒரு மரக்கட்டையைத் தடுக்கும் சைட்டிஸ் சட்டம் ஒரு சட்டைப்பைக்குள் அடங்கும் குடுவையைத் தடுக்காது. குடுவை போய்ச் சேர்ந்த நாட்டில் அது ஒரு கோடியாகும். நம் செடி வேறொரு நாட்டின் கைக்குப் போவதற்குக் கொத்தல ஹிம்புட்டுவை நினைத்துப் பாருங்கள். நீரிழிவுக்கு அதன் மரத்தில் குடைந்த கோப்பையில் இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது நம் வழக்கம். அதிலுள்ள சத்தைப் பிரித்து சலாசினோல் என்று 1997இலும், கொத்தலனோல் என்று 1998இலும் அறிவித்தது ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகக் குழு. பெயரில் மட்டும் நம் கொத்தல இருக்கிறது.

பெயர் என்றதும் ‘பின் கொஹொம்ப’ என்ற சிங்களப் பெயர் ஞாபகம் வருகிறது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் நிலவேம்பு. தாவரவியலில் முன்ரோனியா பின்னாட்டா, வேப்பங்குடும்பத்துச் சிறு செடி, நிழலான காட்டுத் தரையில் வளர்வது. காய்ச்சல் மருந்துக்கு முழுச் செடியையும் பிடுங்குவதால் அரிதாகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் நிலவேம்பு என்று அவிப்பது ஆண்ட்ரோகிராபிஸ் என்ற முற்றிலும் வேறு செடி. முன்ரோனியாவுக்குப் பதிலாக இதைக் கலந்து விற்பதும் நடக்கிறது. முன்ரோனியாவைக் குடுவையில் பெருக்கும் ஆய்வுகள் இலங்கையில் நடந்திருக்கின்றன. நிழலை விரும்பும் செடி என்பதால் இறப்பர் மரத்தடியில் ஊடுபயிராகப் பேசப்படுகிறது, காதில் விழ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்று விற்பவர் நிலவேம்பு என்று மட்டும் சொல்லி உங்கள் இறப்பர் நிழலில் எதை நட வைக்கிறார் என்பதைச் செடியின் பூவைப் பார்த்து உறுதிசெய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இழைய வளர்ப்பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதை முளைப்பதே அரிதாகவும் தாமதமாகவும் இருக்கும் வெனிவெல்லுக்கு அது தேவைப்படலாம். எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் என் சண்டை. 1990களின் பிற்பகுதியில் உலக வங்கி வழியாக வந்த நிதியில் இலங்கையில் ஐந்து இடங்களை மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகள் என்று குறித்தார்கள்: ரிட்டிகல, நாவுல, கன்னெலிய, பிபிலை, ராஜவக்க. ராஜவக்க நம் மாவட்டம், பலாங்கொடைக்கு அப்பால். செடியை அது நிற்கும் இடத்திலேயே, காட்டுக்குப் பக்கத்தில் வாழும் சனங்களோடு சேர்ந்து காப்பது அந்தத் திட்டத்தின் எண்ணம். குடுவை வேலையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் காட்டுக்குள் நடந்து, பூத்த காலத்தில் அண்ணாந்து பார்த்து, ஆண் கொடி எது, பெண் கொடி எது என்று குறிக்க வேண்டும். ஒரே மலைச்சரிவில் நிற்காமல் வேறு வேறு காட்டிலிருந்து தாய்க்கொடிகளை எடுக்க வேண்டும். ஒவ்வொரு குடுவையிலும் தாயின் இலக்கம் எழுதியிருக்க வேண்டும். அந்த இலக்கம் கன்றோடு நாற்றுமேடைக்கும், நாற்றுமேடையிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து கடைக் கட்டுக்கும் போக வேண்டும். இந்த வேலைக்கு ஆய்வுகூடத்தைவிட அதிகம் தேவைப்படுவது காட்டுப் பாதை தெரிந்த கால்கள். அவை பெரும்பாலும் இன்று கள்ளமாக வெனிவெல் வெட்டுகிற ஆட்களின் கால்களே. மாணிக்கக் குழியில் வேலை இல்லாத நாளில், கொழுந்து குறைந்த மாதத்தில், ஒரு கட்டு விற்றால் அடுப்பெரியும் என்பதால் போகிறவர்கள் அவர்கள்.

எந்தக் கொடி எந்த மரத்தில் ஏறி நிற்கிறது, எது எப்போது பூத்தது என்பது அவர்களுக்குத் தெரியும். திட்ட அறிக்கையில் குளிரூட்டிக்கும் நீராவிக் கலனுக்கும் ஒரு பத்தி இருக்கும். இவர்களுடைய நாட்கூலிக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.